டிஸ்லெக்சியா உள்ள பதின்வயதுப் பிள்ளையின் தமிழ் எழுத்து: சொல்லும் வாக்கியமும் எங்கே உடைகின்றன, எந்த வரிசையில் சரிசெய்வது

எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் தமிழாசிரியர்களுக்கும் எழுதுகிறேன். பிள்ளைக்கு டிஸ்லெக்சியா (அறிவு குறையாமலே வாசிப்பிலும் எழுத்திலும் தடை வரும் கற்றல் குறைபாடு) என்று உறுதியாகியிருக்கலாம், அல்லது உங்களுக்குச் சந்தேகம் மட்டும் இருக்கலாம். வாயால் கேட்டால் பாடத்தை அழகாகச் சொல்கிற பிள்ளை, எழுதச் சொன்னால் நாலு வரியில் நின்றுவிடுகிறது. அந்த நாலு வரியும் சிவப்பு மையால் நிரம்பித் திரும்பி வருகிறது. இந்த நிலைக்கான வேலைமுறை இது.

ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட வழிமுறைகளைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. தமிழில் பாதிப் பொருள் சொல்லின் கடைசியில் இருக்கிறது. யாருக்கு, எதிலிருந்து, யார் செய்தார், எப்போது செய்தார் என்பதையெல்லாம் உருபும் விகுதியும்தான் சொல்கின்றன. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒலியைத் துண்டுதுண்டாகப் பிரித்துப் பிடிப்பதும், பிடித்ததை எழுதி முடிக்கும்வரை நினைவில் வைத்திருப்பதும் சிரமம். அதனால் சொல்லின் முதற்பகுதி தப்பித்துக்கொள்ளும். நடுவும் கடைசியும் சிதையும்.

இதைச் சரிசெய்ய வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் ல-ள-ழ வேறுபாட்டில் தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குறில் நெடிலும் ஒற்றும் (புள்ளி வைத்த எழுத்து), அடுத்து வேற்றுமை உருபு, அப்புறம் வினைமுடிவு, பிறகு வாக்கிய இணைப்பு. ஒரு நேரத்தில் ஒரே அடுக்கு.

1. தொடங்குவதற்கு முன் வேண்டியவை

கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். டிஸ்லெக்சியா பார்வைக் கோளாறு அல்ல. ஆனால் கிட்டப்பார்வையால் வரும் பிழையையும் இதையும் குழப்பிக்கொண்டால் மாதக்கணக்கில் வீணாகும்.

ஒரு இரட்டைக்கோடு நோட்டு, மூன்று நிறப் பேனா, ஒலிப்பதிவு செய்யக்கூடிய போன், கொஞ்சம் அட்டைத் துண்டுகள் போதும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் அட்டை கிடைத்துவிடும்.

ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது உதவாது. இந்தப் பிள்ளைக்கு எழுதுவது மற்றவர்களைவிடப் பல மடங்கு களைப்பான வேலை. களைத்த கை, தெரிந்ததையும் தப்பாக எழுதும்.

பிள்ளையிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். பதினாலு வயதில் தம்பி தங்கை முன்னால் "அம்மா, ஆடு" என்று எழுதவைத்தால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடும், நியாயமாகவே. கிரிக்கெட், பைக், சமையல், சண்டை என்று அந்த வயதுக்கு உரிய விஷயங்களைப் பற்றியே எழுதட்டும். அறிவுக் குறைவால் வருவதில்லை இது என்பதைப் பிள்ளை உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும். பல பிள்ளைகள் தங்களை மக்கு என்றே முடிவுகட்டியிருக்கிறார்கள்.

2. நான்கு மாதிரிகள் எடுங்கள், இதே வரிசையில்

முதலில் சொந்தமாக எழுதும் ஒரு பத்தி. "நேற்று பள்ளி விட்டதும் என்ன நடந்தது?" போன்ற எளிய தலைப்பு போதும். பத்து நிமிடம் கொடுங்கள், குறுக்கே பேசாதீர்கள், கேட்டாலும் எழுத்து சொல்லித்தராதீர்கள்.

எழுதி முடித்ததும் தாளை மூடிவைத்துவிட்டு, அதையே வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் சொன்னால் அது ஒத்திகையாகிவிடும். எழுத்து அன்றாட நிலையைவிட நன்றாக அமைந்து உங்களை ஏமாற்றும்.

மறுநாள் பத்துப் பன்னிரண்டு சொற்களும் இரண்டு வாக்கியங்களும் கொண்ட சொல்வதெழுதுதல். அதற்கடுத்த நாள், புத்தகத்தைப் பார்த்து ஐந்து வரி எழுதுதல்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்து எழுதுவது சரியாக இருந்து, சொல்வதெழுதுதல் உடைந்தால் சிக்கல் ஒலியிலிருந்து எழுத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. பார்த்து எழுதுவதே எழுத்து கோணலாகி, கை வலித்து, கோடு தாண்டிப் போனால் கையெழுத்துச் சிக்கல் தனியாக இருக்கலாம். அதற்குத் தொழில்வழிச் சிகிச்சை நிபுணரை (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) பார்க்க வேண்டும். பதிவில் பேச்சு வாக்கியங்களே துண்டுதுண்டாக, யார் என்ன செய்தார் என்று புரியாதபடி இருந்தால் டிஸ்லெக்சியா என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். மொழி வளர்ச்சியிலேயே தடை இருக்கலாம். முதலில் பேச்சு, மொழிச் சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்.

3. எழுதியதைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். மிக அதிகம் தெரியவருவது இங்கேதான்.

தாளில் "வீடுக்கு" என்று இருக்கும். பிள்ளை "வீட்டுக்கு" என்று வாசிக்கும். உருபே இல்லாத இடத்தில் உருபைச் சேர்த்து வாசிக்கும். அப்படி வாசித்த இடங்களையெல்லாம் பச்சை மையால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கணம் பிள்ளையின் மனதில் இருக்கிறது, கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அங்கே இலக்கண விதி சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சொல்லிப் பார்த்து எழுதும் பழக்கம் வந்தால் போதும்.

வாசிக்கும்போதும் அதே பிழை வந்தால் அதை வேறு நிறத்தில் குறியுங்கள். அங்கே கற்பிக்க வேண்டும்.

4. பிழைகளை நான்கு கட்டங்களில் பிரியுங்கள்

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒரே பிள்ளை எழுதியது அல்ல இது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகளைச் சேர்த்து அமைத்தேன்.

"நேற்று நான் பள்ளி விட்டு வந்து மழை பேய்தது ரோட்டுல தன்னி நிரைய இருந்தது. என் நன்பன் சைகில் விழுந்து காலில் அடிபட்டது நாங்கள் அவனை தூக்கி அவன் வீடுக்கு போனான்."

முதல் கட்டம், எழுத்து மயக்கம்: தன்னி, நிரைய, நன்பன். இன்றைய பேச்சில் பல ஊர்களில் ர-ற ஒன்றுபோலவே ஒலிக்கிறது. ன-ண வேறுபாடும் மங்கிவிட்டது. எந்தச் சிக்கலும் இல்லாத பிள்ளைகளும் பெரியவர்களும் இதே பிழையைச் செய்கிறார்கள். இதை வைத்து டிஸ்லெக்சியாவை அளக்க முடியாது.

இரண்டாவது கட்டம், ஒலி அளவு: பேய்தது, சைகில். குறில் நெடிலானது, ஒற்று விழுந்தது. காதுக்குத் தெளிவாகக் கேட்கும் வேறுபாடு எழுத்தில் தவறுகிறது. இங்கே கவனம் வேண்டும்.

மூன்றாவது கட்டம், சொல்லமைப்பு: "வீடுக்கு" என்பதில் சொல் உருபோடு சேரும்போது மாறவில்லை. "சைகில் விழுந்து" என்பதில் உருபே இல்லை. விழுந்தது சைக்கிளா, சைக்கிளிலிருந்து நண்பனா என்று வாசிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நான்காவது கட்டம், வாக்கியம்: "நான் வந்து மழை பெய்தது" என்று ஆள் மாறுகிறது. "நாங்கள்… போனான்" என்று வினை பொருந்தவில்லை. முற்றுப்புள்ளி இரண்டு இடத்தில் இல்லை.

"ரோட்டுல" இந்த நான்கிலும் சேராது. பேச்சுவழக்கு, அவ்வளவுதான். ஆனால் அதை உற்றுப் பாருங்கள். "வீடுக்கு" என்று ட் விட்ட அதே பிள்ளை "ரோட்டுல" என்று ட்-ஐச் சரியாகப் போட்டிருக்கிறது. பேசுவதுபோல நினைத்து எழுதியபோது காது வழி காட்டியது. எழுத்துத் தமிழ் எழுத வேண்டும் என்று நினைத்தபோது "வீடு" என்ற சொல்லை நினைவிலிருந்து எடுத்து, பின்னால் "க்கு" ஒட்டிவிட்டது. இந்தப் பிள்ளைக்குப் பேச்சுத் தமிழ் பலம் என்று நான் சொல்வது இதனால்தான். அதை எழுத்திலிருந்து துரத்த அவசரப்படாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: ஒரே சொல் ஒரே பக்கத்தில் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது? நண்பன், நன்பன், நபன் என்று மூன்றும் இருந்தால் அந்தச் சொல்லின் எழுத்துருவம் மனதில் பதியவே இல்லை. விதி தெரியாத பிள்ளை ஒரே தப்பைத் திரும்பச் செய்யும். பதியாத பிள்ளை ஒவ்வொரு முறையும் வேறொன்றை எழுதும்.

5. முதல் அடுக்கு: நெடிலும் ஒற்றும்

உருபையும் விகுதியையும் சரியாக எழுத ஒற்று கேட்க வேண்டும். அதனால் இது முதலில்.

கைதட்டும் பயிற்சி செய்யுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தட்டு. புள்ளி வைத்த எழுத்து வந்தால் தட்டாமல் கையை மூடிக்கொள்ள வேண்டும். "படிகிறது" ஐந்து தட்டு. "படிக்கிறது" என்றால் இரண்டு தட்டு, ஒரு மூடல், மூன்று தட்டு. அந்த மூடலில்தான் க் இருக்கிறது. பதின்வயதுப் பிள்ளை கைதட்டக் கூச்சப்பட்டால் மேசையில் விரலால் தட்டட்டும்.

இந்த ஒரு ஒற்று பொருளையே மாற்றும் என்று காட்டுங்கள். தூசி படிகிறது, தங்கை படிக்கிறாள். கண்ணாடி உடைகிறது, பையன் உடைக்கிறான். விளக்கு எரிகிறது, குப்பையை எரிக்கிறார்கள். வேலை முடிகிறது, வேலையை முடிக்கிறேன். தானாக நடப்பதற்கும் ஒருவர் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஒற்று தாங்கி நிற்கிறது என்று புரிந்ததும், புள்ளி பிள்ளைக்கு அலங்காரமாகத் தெரிவது நிற்கும். பெயர்ச்சொற்களில் கடை-கட்டை, பசை-பச்சை, வடம்-வட்டம், படு-பட்டு-பாட்டு.

இதிலும் வரிசை உண்டு. முதலில் நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை இரண்டு அட்டைகளில் சரியானதைத் தொட்டால் போதும். பிறகு பிள்ளை சொல்லித் தட்டட்டும். கடைசியில்தான் எழுத்து. நேராக எழுதவைத்தால் எங்கே தவறியது என்று உங்களுக்கே தெரியாது: காதிலா, கையிலா?

கொம்பும் துணைக்காலும் தனிக் கவனம் கேட்பவை. கெ, கே, கொ, கோ எல்லாவற்றிலும் உயிரொலி பின்னால் கேட்கிறது, குறியை முன்னால் எழுத வேண்டியிருக்கிறது. ஒகரத்துக்குக் கொம்பும் வேண்டும், காலும் வேண்டும். பிள்ளை கொம்பைப் போட்டுவிட்டுக் காலை மறந்துவிடும். "கொடு" என்பது "கெடு" ஆகிவிடும்; "கோடு" என்பது "கேடு" ஆகும். சரியாக எழுதப்பட்ட வேறு சொல்லாக அது இருப்பதால் திருப்பிப் பார்த்தாலும் கண்ணில் படாது. ஒகர ஓகாரம் வரும் சொற்களில் மட்டும், எழுதி முடித்ததும் காலை வேறு நிறத்தில் ஒருமுறை மேலெழுதச் சொல்லுங்கள்.

6. இரண்டாவது அடுக்கு: சொல்லோடு உருபு சேரும் இடம்

"அத்துச் சாரியை", "உடம்படுமெய்" என்று பெயர்களில் தொடங்காதீர்கள். பெயர் தெரிந்த பிள்ளையும் "மரமில்" என்று எழுதும். கேள்வி கேட்டு வாயிலிருந்து வரவழையுங்கள். "சாயங்காலம் எங்க போவ?" என்றால் "வீட்டுக்கு" என்றுதான் சொல்லும், "வீடுக்கு" என்று ஒரு பிள்ளையும் பேசுவதில்லை. அந்தச் சொல்லை முழுதாகச் சொல்லி, தட்டி, உடனே எழுதவையுங்கள்.

அப்புறம் குடும்பம் குடும்பமாக அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையின் முன்பக்கம் சொல், பின்பக்கம் உருபு ஏற்கத் தயாரான வடிவம்.

மரம், பணம், படம்: மரத்து, பணத்து, படத்து.
வீடு, காடு, நாடு: வீட்டு, காட்டு, நாட்டு.
ஆறு, சோறு, கிணறு: ஆற்று, சோற்று, கிணற்று.

இந்த மூன்று குடும்பங்களும் உறுதியாகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். பிறகு பள்ளியை, தம்பியை என ய் வருபவை. தெருவை, பசுவை என வ் வருபவை. கண்ணை, பல்லை என இரட்டிப்பவை. கதவு, பாம்பு போன்றவற்றில் உகரம் மட்டும் போய்க் கதவை, பாம்பை என்று ஆகும். இவற்றை வீடு குடும்பத்தோடு ஒரே நாளில் நடத்தினால், பிள்ளை "பாம்ப்பை" என்று எழுதத் தொடங்கும்.

உருபுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுங்கள். முதலில் க்கு, ஏனென்றால் பேச்சிலும் எழுத்திலும் ஒரே வடிவம். அடுத்து இல், "வீட்ல" என்று பேசுவதை "வீட்டில்" என்று நீட்டினால் போதும். மூன்றாவது ஐ, பேச்சில் அது தேய்ந்து "வீட்ட" என்று ஆகிவிடுவதால் காது மட்டும் உதவாது, எழுத்தை நினைவில் வைக்க வேண்டும். இலிருந்து கடைசியில், நீளமாக இருப்பதால்.

சொல்லை நீலத்திலும் உருபைச் சிவப்பிலும் எழுதும் பழக்கம் நல்லது. ஒரு பத்தி முழுக்கச் சிவப்பே இல்லை என்றால் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

வல்லினம் மிகும் இடங்களை இப்போது தொடவே வேண்டாம். "வீட்டுக்குப் போனேன்" என்பதில் ப் விட்டால் பொருள் கெடாது. "வீட்டுக்கு" என்பதில் ட் விட்டால் சொல்லே கெடுகிறது. இரண்டையும் ஒரே மையில் சுழித்தால் எது முக்கியம் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

7. மூன்றாவது அடுக்கு: வினைமுடிவு

தமிழ் வாக்கியத்தில் செய்பவர் பெரும்பாலும் தலையில், வினை கடைசியில். நடுவில் எழுத்தோடு போராடிக் கடைசிக்கு வரும்போது, யாரைப் பற்றித் தொடங்கினோம் என்பது பிள்ளைக்கு மறந்துபோகிறது. "நாங்கள்" தொலைவில் போய்விட்டது. பக்கத்தில் "அவன்" இருக்கிறான். கை "போனான்" என்று எழுதிவிடுகிறது. கூர்ந்து பார்த்தால் தப்பான வினைமுடிவு பல நேரம் அருகிலிருக்கும் பெயரோடு பொருந்தும். பிள்ளைக்கு இலக்கணம் தெரிகிறது, நினைவுதான் கைவிட்டது.

ஆகவே நினைவின் பாரத்தைக் குறைக்க வேண்டும். வரியின் இடது ஓரத்தில் செய்பவரையும் வலது ஓரத்தில் முடிக்கும் வினையையும் முதலிலேயே எழுதவையுங்கள்:

நாங்கள் ________________ போனோம்.

பிறகு நடுவை நிரப்பட்டும். யாரோடு? எங்கே? எப்படி? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சொல். "நாங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம்." முடிவு முன்பே தாளில் இருப்பதால் நடுவில் எவ்வளவு நேரம் தடுமாறினாலும் வாக்கியம் உடையாது. முதல் சில நாட்கள் இப்படி எழுதுவது ஆமைவேகத்தில் போகும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்பவரும் முடிவும் சேர்ந்த சோடிகளை ஒரே அட்டையில் எழுதி மேசைமேல் ஒட்டுங்கள்: நான் வந்தேன், நாங்கள் வந்தோம், நீ வந்தாய், நீங்கள் வந்தீர்கள், அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார், அவர்கள் வந்தார்கள், அது வந்தது. "அவை வந்தன" வேண்டாம், இப்போதைக்கு. பேச்சில் அது கிட்டத்தட்ட இல்லை. "மாடுகள் வந்தது" என்று எழுதுவது வகுப்பில் பலருக்கும் உள்ள பழக்கம்.

நீண்ட வினைகள் தனிச் சிக்கல். "படித்துக்கொண்டிருந்தபோது" என்பது ஒரே மூச்சில் எழுத முடியாத நீளம். பிள்ளை நடுவை விழுங்கி "படித்துகொண்டபோது" என்று எழுதும். படித்துக் / கொண்டு / இருந்த / போது என்று நான்கு அட்டையாக வைத்து, வரிசையாக அடுக்கி, வாசித்து, அப்புறம் எழுதட்டும். "படித்துக் கொண்டு இருந்த போது" என்று இடம்விட்டு எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். சேர்த்து எழுதுவது பிறகு வரும்.

8. நான்காவது அடுக்கு: வாக்கியங்களை இணைப்பது

முதலில் இணைக்கவே வேண்டாம். ஒரு செயலுக்கு ஒரு வாக்கியம், ஒரு முற்றுப்புள்ளி. நம் மாதிரிப் பத்தி இப்படி ஆகும்: நேற்று நான் பள்ளியிலிருந்து வந்தேன். மழை பெய்தது. ரோட்டில் தண்ணீர் நிறைய இருந்தது. என் நண்பன் சைக்கிளிலிருந்து விழுந்தான். அவன் காலில் அடிபட்டது.

குழந்தைத்தனமாக இருக்கிறது என்று பிள்ளையே சொல்லும். அப்படிச் சொன்ன பிறகு இணைப்பைச் சொல்லிக்கொடுங்கள். தேவையை உணர்ந்தபின் கற்பது ஒட்டும்.

இரண்டு வாக்கியங்களை எடுத்து ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இரண்டையும் செய்தது ஒரே ஆளா? ஆம் என்றால் முதல் வினையைச் "செய்து" வடிவத்துக்கு மாற்றலாம்: "வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்." இல்லை என்றால் அந்த வடிவம் பெரும்பாலும் பொருந்தாது, வந்தபோது, வந்ததும், வந்ததால் என்று ஏதாவது ஒன்று வேண்டும்: "நான் பள்ளியிலிருந்து வந்தபோது மழை பெய்தது." "மழை பெய்து குளம் நிரம்பியது" போல ஆள் மாறியும் சரியாக அமையும் வாக்கியங்கள் தமிழில் உண்டு. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இயற்கையில் நடப்பவை அவை. பிள்ளை கேட்டால் விளக்குங்கள், நீங்களாக எடுத்துக் குழப்ப வேண்டாம்.

ஒரு வாக்கியத்தில் இரண்டு வினைக்கு மேல் சேர்க்க வேண்டாம் என்று சில வாரங்களுக்கு எல்லை வையுங்கள். "எழுந்து பல் விளக்கி குளித்து சாப்பிட்டு கிளம்பி" என்று போய்க்கொண்டே இருப்பதற்குக் காரணம், எங்கே நிறுத்துவது என்று தெரியாததுதான். எழுதியதை வாய்விட்டு வாசிக்கும்போது மூச்சு வாங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் வினை முடிகிறதா என்று பார்த்து முற்றுப்புள்ளி வைக்கலாம்.

9. பத்தியும் தேர்வு விடையும்: யோசிப்பதையும் எழுதுவதையும் பிரியுங்கள்

எழுத்தைத் தேடுவதிலேயே கவனம் முழுக்கப் போய்விட்டால், கருத்தை அடுக்க மிச்சம் எதுவும் இருக்காது. ஆகவே விடையை முதலில் போனில் பேசிப் பதிவு செய்யட்டும். பிறகு கேட்டு, ஒரு கருத்துக்கு ஒரு சொல்லாக ஓரத்தில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு குறிப்பையும் ஒரு வாக்கியமாக்கட்டும்.

போனில் தமிழில் பேசித் தட்டச்சு செய்யும் வசதியும் பயன்படும். ஆனால் அது பேச்சை அப்படியே எழுதித்தரும். "போயிட்டான்" என்பதைப் "போய்விட்டான்" என்று மாற்றும் வேலை பிள்ளையுடையது. அதுவே நல்ல பயிற்சி.

சரிபார்ப்பதை மூன்று சுற்றாக வையுங்கள். முதல் சுற்றில் வினைமுடிவு மட்டும், இரண்டாவதில் உருபு மட்டும், மூன்றாவதில் புள்ளியும் காலும். "ஒருமுறை நல்லா செக் பண்ணு" என்றால் பிள்ளை மனதில் இருப்பதை வாசிக்குமே தவிர, தாளில் இருப்பதை வாசிக்காது.

10. திருத்தும்போது பெரியவர்கள் தடுமாறும் இடங்கள்

எல்லாப் பிழையையும் சுழிப்பது முதல் தவறு. இந்த வாரம் உருபு என்றால் உருபை மட்டும் திருத்துங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும், உங்கள் கை துறுதுறுத்தாலும்.

தப்பாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுதவைக்கும் இம்போசிஷன் இந்தப் பிள்ளைக்குத் தீங்கு செய்யும். நோட்டை வாங்கிப் பாருங்கள்: நாலாவது வரியிலேயே ஒரு எழுத்து மாறியிருக்கும், மிச்சம் ஆறும் அந்தத் தப்பின் நகல். தப்பைத்தான் பழக்கியிருக்கிறோம். அதற்குப் பதிலாகச் சொல்லி, தட்டி, ஒருமுறை எழுதி, மூடிவைத்து, மறுபடி ஒருமுறை எழுதி ஒப்பிடுவது போதும். அதே சொல்லை மறுநாளும் மூன்று நாள் கழித்தும் எடுங்கள்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருத்துக்கும் எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண்ணைத் தனித்தனியாகப் போடுங்கள். பிழைக்குப் பயந்த பிள்ளை தெரிந்த நல்ல சொல்லைத் தவிர்க்கும். "மகிழ்ச்சி" என்று நினைத்து, ழ்ச்சி எழுதப் பயந்து, "நல்லா இருந்தது" என்று முடித்துக்கொள்ளும். பிழை குறைந்திருக்கிறது என்று நாம் சந்தோஷப்படுவோம். உண்மையில் சொல்வளம்தான் சுருங்கியிருக்கும். பிழையோடு வந்த "மகிழ்சி"யைப் பாராட்டுங்கள். வகுப்பில் எழுப்பிவிட்டுத் திடீரென்று வாசிக்கச் சொல்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டாம் படியில் எடுத்ததுபோல ஒரு பத்தி எழுதவைத்து, கட்டம் கட்டமாக எண்ணிப் பாருங்கள். மொத்தப் பிழை குறையாமலே இருக்கலாம். நீங்கள் வேலை செய்த கட்டம் குறைந்திருந்தால் வழி சரி. பத்தி நீளமாகியிருந்தால் அதையும் முன்னேற்றமாகச் சொல்லிக்காட்டுங்கள். எந்தக் கட்டமும் அசையவில்லை என்றால் ஒரு அடுக்கு கீழே இறங்குங்கள். ல-ள-ழ, ன-ண, ர-ற, வல்லினம் மிகுதல் எல்லாம் நான்கு அடுக்கும் நின்றபிறகு, சொல்லுக்குச் சொல்லாக.

11. மதிப்பீடும் தேர்வுச் சலுகையும்: ஒன்பதாம் வகுப்பிலேயே

வீட்டில் செய்யும் இந்த வேலை முறையான மதிப்பீட்டுக்கு மாற்றாகாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. டிஸ்லெக்சியா அதில் அடங்கும். சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இந்தக் குறைபாட்டுக்காகவே இயங்குகிறது. மற்ற மாவட்டங்களில் அரசு மருத்துவமனையிலும், பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியரிடமும் விசாரித்துத் தொடங்கலாம். மதிப்பீட்டுக்குப் போகும்போது இரண்டாம் படியில் எடுத்த மாதிரிகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகளுக்கு வழி உண்டு. சிபிஎஸ்இ தேர்வில் கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகப் போக வேண்டும். சான்றிதழ் வாங்கவே மாதங்கள் ஆகலாம். பத்தாம் வகுப்புத் தொடங்கியபின் அலைவதைவிட ஒன்பதில் முடித்துக்கொள்வது நல்லது.

தமிழ்த் தாளில் விலக்கு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தேர்வு பயம் பிள்ளையை நோயாளியாக்கும் அளவுக்குப் போனால் வாங்குங்கள், தயங்க வேண்டாம். ஆனால் வீட்டில் தமிழ் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பிள்ளை மனதில் வாக்கியம் அமைவது தமிழில். அது உறுதியானால் மற்ற பாடங்களுக்கும் உதவும்.

தேர்வில் சொல்வதை எழுதுபவர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துப் பயிற்சியில்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். முழு வாக்கியமாகச் சொல்வதும், அவர் எழுதும்வரை அடுத்த வாக்கியத்தை மனதில் நிறுத்திவைப்பதும், முற்றுப்புள்ளியை வாயால் சொல்வதும் தனித்திறமை. குறைந்தது மூன்று மாதம் முன்பிருந்து வீட்டில் யாராவது எழுதுபவராக உட்காருங்கள். பிள்ளை தாளின் ஓரத்தில் செய்பவரையும் வினையையும் மட்டும் குறித்துக்கொண்டு, அதைப் பார்த்து வாக்கியத்தைச் சொல்லட்டும். சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல், திருத்தாமல் எழுதுங்கள். எழுதியதை உரக்க வாசித்துக்காட்டி, மாற்றம் வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.